வீக் ரெஃபரன்ஸ்: போக வேண்டியது போகவில்லை, இருக்க வேண்டியது இருப்பதில்லை

அடுக்குமாடி

ஜாவா 17, ஜி1 கலெக்டர் (யாரும் பிடித்திருக்காத ஆப்ஜெக்ட்களை எடுக்கும் ஜிசி), 4 ஜிபி ஹீப் (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி), நிறுத்தாமல் ஓடும் சர்வர். அதில் வீக் ரெஃபரன்ஸ், அதாவது ஆப்ஜெக்ட்டைச் சுட்டினாலும் ஜிசி அதை எடுப்பதைத் தடுக்காத சுட்டி, இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டும் நேர் எதிராக நடந்துகொள்கின்றன.

முதல் இடம் ஒரு வீக்ஹாஷ்மேப், கீயை வீக்காகப் பிடிக்கும் மேப். கீ, செஷன் ஆப்ஜெக்ட். வேல்யூ, அந்தச் செஷனுக்கு என்னென்ன அனுமதி உண்டு என்று சொல்லும் ஒரு ப்ரெடிகேட் (ஆம், இல்லை என்று பதில் தரும் ஃபங்ஷன்). செஷன் முடிந்தால் என்ட்ரி தானாக விழ வேண்டும். விழவில்லை. ஃபுல் ஜிசி ஓடிய பிறகும் செஷன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது இடம் ஈவென்ட் பஸ்: ஈவென்ட் வந்தால், ரெஜிஸ்டர் ஆன லிசனர்களைக் கூப்பிடும் பகுதி. லிசனர்களை வீக்ரெஃபரன்ஸில் சுற்றி ஒரு லிஸ்ட்டில் போட்டிருக்கிறது. ரெஜிஸ்டர் ஆன உடனே ஈவென்ட் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சில லிசனர்களுக்கு மட்டும் வருவதில்லை. எக்ஸப்ஷன் இல்லை, லாக் இல்லை. யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ்.

ஒரே கருவி ஓரிடத்தில் விடமாட்டேன் என்கிறது, இன்னோரிடத்தில் பிடிக்கமாட்டேன் என்கிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

நடுநிசி_பைட்

அந்த ப்ரெடிகேட் எங்கே உருவாகிறது? செஷன் கிளாஸுக்குள்ளேயே எழுதிய லாம்ப்டாவா (பெயரில்லாத ஃபங்ஷனா)?

அடுக்குமாடி

ஆமாம். செஷனின் ஒரு மெத்தட் அதை ரிட்டர்ன் செய்கிறது. உள்ளே செஷனின் ரோல் லிஸ்ட்டைப் பார்க்கிறது.

நடுநிசி_பைட்

அப்படியானால் முதல் கேள்வி முடிந்தது. ரோல் லிஸ்ட் செஷனின் ஃபீல்டு. அதைத் தொடும் லாம்ப்டா 'திஸ்'ஸை, அதாவது அந்தச் செஷனையே, பிடித்துக்கொள்ளும். வீக்ஹாஷ்மேப்பில் கீ மட்டும்தான் வீக், வேல்யூ ஸ்ட்ராங். மேப் வேல்யூவைப் பிடிக்கிறது, வேல்யூ செஷனைப் பிடிக்கிறது. கீ எப்படிச் சாகும்?

கல்தூண்

மேலே சொன்னதை ஊகமாக விடாமல் ஹீப் டம்ப்பில் (ஹீப்பை ஃபைலில் எழுதிய நகலில்) உறுதி செய்துகொள்ளுங்கள். ஜேசிஎம்டி கருவியின் 'ஜிசி.ஹீப்_டம்ப்' கட்டளையில் டம்ப் எடுங்கள். அது இயல்பாகவே உயிரோடு இருக்கும் ஆப்ஜெக்ட்களை மட்டும் எழுதும், அதற்காக முதலில் ஒரு ஃபுல் ஜிசியும் ஓட்டும். எக்லிப்ஸ் மேட் என்ற ஆய்வுக் கருவியில் திறந்து, முடிந்துபோன ஒரு செஷனைத் தேர்ந்தெடுத்து, ஜிசி ரூட்டுக்கு (ஜிசி தேடத் தொடங்கும் இடத்துக்கு) போகும் பாதையைக் கேளுங்கள். கேட்கும்போது வீக், சாஃப்ட், ஃபேன்டம் ரெஃபரன்ஸ்களை விலக்கும் தேர்வைப் போட மறக்காதீர்கள். மறந்தால் கருவி வீக் வழியையே காட்டிவிடும், 'வீக்தானே இருக்கிறது' என்று ஏமாந்துபோவீர்கள். விலக்கிய பிறகு கிடைக்கும் பாதை அநேகமாக இப்படி இருக்கும்: ஸ்டாட்டிக் மேப், அதன் டேபிள் அரே, என்ட்ரி, வேல்யூ, லாம்ப்டாவின் 'ஆர்க்$1' என்ற ஃபீல்டு, செஷன். அந்த 'ஆர்க்$1' தான் லாம்ப்டா சிறைப்பிடித்த முதல் மாறி.

இது நேரடி வட்டம். சுற்றுவழி வட்டமும் உண்டு. செஷன் ஒன்றின் வேல்யூ செஷன் இரண்டைச் சுட்டுகிறது, செஷன் இரண்டின் வேல்யூ செஷன் ஒன்றைச் சுட்டுகிறது என்றால், எந்த வேல்யூவும் தன் சொந்தக் கீயைத் தொடாமலேயே இரண்டும் தங்கிவிடும். சோர்ஸ் கோட் முழுவதையும் மேலோட்டமாகப் படித்தால் இது கண்ணில் படாது.

சரிசெய்ய உடனே தோன்றும் வழி, வேல்யூவையும் வீக்ரெஃபரன்ஸில் சுற்றுவது. வேண்டாம். அந்த ப்ரெடிகேட்டை மேப்பைத் தவிர வேறு யாரும் பிடித்திருக்கவில்லை. சுற்றிய மறுநொடியே அது ஆதரவற்றதாகிவிடும். அடுத்த யங் கலெக்ஷனில் (புது ஆப்ஜெக்ட்களைப் பார்க்கும் ஜிசியில்) போய்விடும். உங்கள் முதல் சிக்கல் இரண்டாவது சிக்கலாக மாறும், அவ்வளவுதான்.

உண்மையில் வேலை செய்யும் வழிகள் இரண்டு. செஷன் கிளாஸ் உங்களுடையது என்றால் மேப்பே தேவையில்லை: ப்ரெடிகேட்டை செஷனின் ஒரு ஃபீல்டாக வையுங்கள். ஆப்ஜெக்ட் போகும்போது ஃபீல்டும் போகும், வட்டத்தைப் பற்றி ஜிசிக்குக் கவலையே இல்லை. கிளாஸ் வேறு லைப்ரரியுடையது, ஃபீல்டு சேர்க்க முடியாது என்றால், வேல்யூ கீயைச் சுட்டாதபடி எழுதுங்கள். ரோல் லிஸ்ட்டை ஒரு லோக்கல் மாறியில் நகலெடுத்து, ஒரு ஸ்டாட்டிக் மெத்தடுக்குள் லாம்ப்டாவை உருவாக்கினால் அதற்குப் பிடிக்க 'திஸ்' இருக்காது.

இன்னொன்று: கீ செத்த அதே நொடியில் வீக்ஹாஷ்மேப் வேல்யூவை விட்டுவிடாது. கெட், புட், சைஸ் என்று யாராவது மேப்பைத் தொடும்போதுதான் செத்த என்ட்ரிகளைத் துடைக்கும். நிரப்பிவிட்டு மறந்த மேப்பில் கீ போன பின்னும் பெரிய வேல்யூக்கள் அப்படியே கிடக்கும்.

பனையோலை

மற்ற மொழிகளிலிருந்து வருகிறவர்கள் சறுக்கும் இடம் இது என்பதால் ஒரு குறிப்பு. ஜாவாஸ்கிரிப்ட்டின் வீக்மேப்பில் (2015 தரத்தில் வந்தது) இதே கோடு லீக் ஆகாது, அதாவது போக வேண்டிய ஆப்ஜெக்ட் மெமரியில் தங்காது. அங்கே விதி வேறு: கீ வேறு வழியில் உயிரோடு இருந்தால் மட்டுமே வேல்யூ உயிரோடு இருப்பதாகக் கொள்ளப்படும். வேல்யூ வழியாகக் கீயை அடைய முடிகிறது என்பது கணக்கில் வராது. இந்த ஏற்பாட்டுக்கு எஃபெமரான் என்று பெயர். 1997இல் பாரி ஹேய்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலாகத் தெரிய வந்தது. டாட்நெட்டில் கண்டிஷனல்வீக்டேபிள் அப்படிப்பட்டது. லுவாவில் 5.2 பதிப்பிலிருந்து, கீ மட்டும் வீக்காக உள்ள டேபிள்கள் அப்படிப்பட்டவை. ஜாவாவின் வீக்ஹாஷ்மேப், பைத்தானின் வீக்கீடிக்ஷனரி இரண்டும் எஃபெமரான் இல்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதை நம்பி ஒரு மொழியின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எஃபெமரான் இருந்தாலும் ஒரு ஓட்டை உண்டு. அதே வேல்யூவை ஒரு சாதாரண லிஸ்ட்டிலும் போட்டுவைத்தால், அந்த லிஸ்ட் வழியாகக் கீ பிழைத்துக்கொள்ளும்.

அடுக்குமாடி

டம்ப்பில் பாதை அப்படியே இருக்கிறது, 'ஆர்க்$1' உட்பட. செஷன் எங்கள் கிளாஸ்தான், ஃபீல்டாக மாற்றிவிடலாம். லிசனர் விஷயம்?

நடுநிசி_பைட்

காணாமல் போகும் லிசனர்களில் எத்தனை லாம்ப்டா அல்லது மெத்தட் ரெஃபரன்ஸ் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாமே அதுவாகத்தான் இருக்கும்.

'பஸ்.ரெஜிஸ்டர்(திஸ்::மாறியது)' என்று எழுதும்போது அந்த இடத்தில் புதிதாக ஒரு ஆப்ஜெக்ட் பிறக்கிறது. அது ரெஜிஸ்டர் செய்கிற ஆப்ஜெக்ட்டை (ஒரு ஸ்க்ரீன் என்று வைத்துக்கொள்வோம்) பிடித்திருக்கிறது. ஸ்க்ரீன் அதைப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் இருப்பதோ வீக்ரெஃபரன்ஸ். ஆக, ஸ்க்ரீன் நன்றாக உயிரோடு இருக்கும்போதே லிசனர் போய்விடும்.

டெஸ்ட் ஏன் பாஸ்? இரண்டு காரணம். டெஸ்ட் ஓடும் சில மில்லிசெகண்டில் ஜிசி வராமலே போகலாம். இன்னொன்று கொஞ்சம் நயமானது: எதையும் சிறைப்பிடிக்காத லாம்ப்டாவை ஹாட்ஸ்பாட் (ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்) ஒரே ஒரு முறை உருவாக்கி, எழுதப்பட்ட இடத்தோடு கட்டிவைத்துக்கொள்ளும். அந்தக் கிளாஸ் இருக்கும்வரை அது சாகாது. டெஸ்ட்டில் ஸ்டாட்டிக் கவுன்ட்டரை ஏற்றும் லாம்ப்டா எழுதியிருப்பீர்கள். அது எதையும் பிடிக்காது, அதனால் சாகாது. நிஜக் கோடில் 'திஸ்' உள்ளே வரும், அது சாகும்.

கூடவே, 'அன்ரெஜிஸ்டர்(திஸ்::மாறியது)' என்று எங்காவது எழுதியிருந்தால் அதுவும் வேலை செய்யாது. அது இன்னொரு புது ஆப்ஜெக்ட். பழையதோடு ஈக்வல் ஆகாது.

எறும்பு

பைத்தான்ல இதே கதைதான், இன்னும் வேகமா நடக்கும். வீக்ரெஃப்.ரெஃப்(ஆப்ஜெக்ட்.மெத்தட்) போட்டா அடுத்த வரியிலேயே நன் (None) வரும். பவுண்ட் மெத்தட் ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாகுது, சிபைத்தான்ல ரெஃபரன்ஸ் கவுன்ட் பூஜ்யமானதும் உடனே போயிடும். அதுக்குன்னே வீக்மெத்தட்னு 3.4ல கொடுத்தாங்க. அது ஆப்ஜெக்ட்டையும் ஃபங்ஷனையும் தனித்தனியா வீக்கா வச்சுக்கிட்டு, கேக்கும்போது சேர்த்துக் கொடுக்கும்.

இதைவிடப் பல பேரைக் கடிக்கிறது அசிங்க்ஐஓ (பல டாஸ்க்கை மாத்தி மாத்தி ஓட்டுற பைத்தான் லைப்ரரி). ஈவென்ட் லூப் டாஸ்க்கை வீக்காத்தான் பிடிக்கும். க்ரியேட்_டாஸ்க் திருப்பித் தர்றதை எங்கயும் வாங்கி வைக்காம விட்டா, டாஸ்க் பாதி ஓட்டத்துல ஜிசியில போகலாம். ஒரு செட்ல சேர்த்து வைங்க, முடிஞ்சதும் டன்_கால்பேக்ல டிஸ்கார்ட் பண்ணுங்க. 3.11 இல்லன்னா அதுக்கு மேல இருந்தா டாஸ்க்க்ரூப் பயன்படுத்துங்க, அதுவே பிடிச்சுக்கும்.

மின்மினி

கேட்டால் கோபப்படுவீர்கள்: வீக் லிசனர் என்பதே தேவையில்லாத ஒன்று. ரெஜிஸ்டர் செய்தவன் அன்ரெஜிஸ்டர் செய்யட்டும். ரெஜிஸ்டர் ஒரு ஆட்டோக்ளோசபிளைத் திருப்பித் தரட்டும். ஸ்க்ரீன் மூடும்போது க்ளோஸ் கூப்பிடட்டும். வீக் போட்டால் 'எப்போது நிற்கும்' என்பது ஜிசி கையில் போய்விடுகிறது. மூடிய ஸ்க்ரீனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஈவென்ட் போய்க்கொண்டே இருக்கலாம். செத்துப்போன ஸ்க்ரீன் டேட்டாபேஸில் எழுதுவதைவிடச் சின்ன லீக் எவ்வளவோ மேல்.

பனையோலை

பாதி ஒப்புக்கொள்கிறேன். வாழ்நாள் தெளிவாகத் தெரியும் இடத்தில் வெளிப்படையான அன்ரெஜிஸ்டர்தான் சரி. ஆனால் எல்லா இடத்திலும் 'மூடும் நேரம்' என்று ஒன்று இருப்பதில்லை. டபிள்யூபிஎஃப் (டாட்நெட்டின் திரை லைப்ரரி) டேட்டா பைண்டிங்கைப் பாருங்கள்: டேட்டா மாடல் நீண்ட நாள் வாழும், அதைக் கவனிக்கும் கண்ட்ரோல்கள் திரையில் வந்து வந்து போகும், அவற்றுக்கு டிஸ்போஸ் கூப்பிடுவார் யாரும் இல்லை. அதற்காகவே வீக்ஈவென்ட்மேனேஜர் வைத்திருக்கிறார்கள்.

கல்தூண்

இருவரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றுகிறீர்கள்: அந்த ஆப்ஜெக்ட்டை ஸ்ட்ராங்காகப் பிடித்திருப்பவர் யார்? வீக்ரெஃபரன்ஸ் எழுதும் முன் அந்த ஒருவரைப் பெயர் சொல்ல முடிய வேண்டும், கோடில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முதல் சிக்கலில் 'செஷன் டேபிள்தான் உரிமையாளர்' என்று நினைத்தீர்கள். மேப்பும் வேல்யூ வழியாக உரிமையாளராகிவிட்டது. இரண்டாவதில் லாம்ப்டாவுக்கு உரிமையாளரே இல்லை.

வீக் லிசனர் வேண்டும் என்றே முடிவு செய்தால், லாம்ப்டாவை ஸ்க்ரீனின் ஒரு ஃபைனல் ஃபீல்டில் வைத்துவிட்டு அந்த ஃபீல்டை ரெஜிஸ்டர் செய்யுங்கள். அதைவிட நல்லது: ரெஜிஸ்டர் மெத்தட் இரண்டு ஆர்க்யுமென்ட் வாங்கட்டும். ஒன்று உரிமையாளர், அதை வீக்காக வையுங்கள். மற்றது உரிமையாளரைப் பாராமீட்டராக வாங்கும் ஃபங்ஷன், அதை ஸ்ட்ராங்காக வையுங்கள். 'ரெஜிஸ்டர்(திஸ், (ஸ்க்ரீன், ஈவென்ட்) -> ஸ்க்ரீன்.மாறியது(ஈவென்ட்))' என்று அழைத்தால் லாம்ப்டா எதையும் சிறைப்பிடிக்காது, ஈவென்ட் வரும்போது பஸ் உரிமையாளரை எடுத்துக் கொடுக்கும். யாராவது பழக்கத்தில் லாம்ப்டாவுக்குள் 'திஸ்' எழுதிவிட்டால் மறுபடி லீக்தான். கோட் ரிவ்யூவில் தேட வேண்டியது அது ஒன்றைத்தான்.

மின்மினி சொன்ன 'மூடிய பிறகும் ஈவென்ட் வருவது' உண்மையான ஆபத்து. வீக் வைத்தாலும் 'மூடியாச்சு' என்று ஒரு ஃப்ளாக் வைத்து முதல் வரியில் சோதித்து வெளியேறுங்கள்.

அடுக்குமாடி

நல்லது. இதே சர்வரில் மூன்றாவதாக ஒன்று எழுத வேண்டியிருக்கிறது: ஒரே ஐடிக்கு ஒரே ஆப்ஜெக்ட் என்ற பூல். யாராவது பயன்படுத்தும்வரை அதே ஆப்ஜெக்ட் கிடைக்க வேண்டும். யாரும் வைத்திருக்கவில்லை என்றால் போகட்டும். பல த்ரெட்கள் தொடும். கன்கரண்ட்ஹாஷ்மேப்பில் வேல்யூவாக வீக்ரெஃபரன்ஸ் போட்டால் போதுமா?

கல்தூண்

இது வீக் ரெஃபரன்ஸுக்கே பிறந்த வேலை. உரிமையாளர் யார் என்றால், பயன்படுத்துகிறவர்கள். எழுதுவதில் மூன்று பள்ளம் இருக்கிறது.

முதல் பள்ளம், கெட்டை இரண்டு முறை கூப்பிடுவது. 'ரெஃப்.கெட்() நல் இல்லையா' என்று சோதித்துவிட்டு அடுத்த வரியில் மறுபடி 'ரெஃப்.கெட்()' என்றால், நடுவில் ஜிசி வந்து இரண்டாவது அழைப்பு நல் தரலாம். ஒரே முறை எடுத்து லோக்கல் மாறியில் வையுங்கள். அந்த மாறியைப் பயன்படுத்தி முடிக்கும்வரை அது ஸ்ட்ராங்.

இரண்டாவது, செத்த ரெஃபரன்ஸ் உட்கார்ந்திருக்கும் கீயில் புட்இஃப்ஆப்சென்ட் கூப்பிடுவது. மேப்பைப் பொறுத்தவரை அங்கே ஒரு வேல்யூ இருக்கிறது, உள்ளே வெறுமை என்பது அதற்குத் தெரியாது. உங்கள் புது ஆப்ஜெக்ட் மேப்புக்குள் போகவே போகாது.

மூன்றாவது, துடைக்கும்போது. ஆப்ஜெக்ட் போன பிறகும் கீயும் காலி வீக்ரெஃபரன்ஸும் மேப்பில் கிடக்கும். அதற்கு ரெஃபரன்ஸ்க்யூ (செத்த ரெஃபரன்ஸ்கள் வந்து சேரும் வரிசை) வேண்டும். வீக்ரெஃபரன்ஸை எக்ஸ்டெண்ட் செய்து, கீயை ஒரு ஃபீல்டாகச் சேர்த்து, கன்ஸ்ட்ரக்டரில் க்யூவைக் கொடுங்கள். க்யூவிலிருந்து எடுத்ததும் 'ரிமூவ்(கீ)' என்று எழுதினால் தவறு. அதற்குள் வேறு த்ரெட் அதே கீயில் புது ரெஃபரன்ஸைப் போட்டிருக்கலாம், உயிரோடு இருப்பதை நீக்கிவிடுவீர்கள். அதன்பின் ஒரே ஐடிக்கு இரண்டு ஆப்ஜெக்ட் நடமாடும். 'ரிமூவ்(கீ, ரெஃப்)' என்ற இரண்டு ஆர்க்யுமென்ட் வடிவம்தான் சரி. வீக்ரெஃபரன்ஸ் ஈக்வல்ஸை மாற்றி எழுதவில்லை, ஆகவே ஒப்பீடு அந்த ரெஃபரன்ஸ் ஆப்ஜெக்ட்டேதானா என்று பார்க்கும். நீங்களும் மாற்றி எழுதாதீர்கள்.

உருவம் இப்படி:

    துடை():
        க்யூவிலிருந்து போல்() தரும் ஒவ்வொரு ரெஃப்புக்கும்:
            மேப்.ரிமூவ்(ரெஃப்.கீ, ரெஃப்)

    எடு(கீ):
        துடை()
        புதியது = நல்
        சுற்று:
            ரெஃப் = மேப்.கெட்(கீ)
            ரெஃப் இருந்தால்:
                இருப்பது = ரெஃப்.கெட்()
                இருப்பது நல் இல்லையென்றால், அதைக் கொடு
            புதியது நல் என்றால், புதியது = உருவாக்கு(கீ)
            புதுரெஃப் = கீரெஃப்(கீ, புதியது, க்யூ)
            ரெஃப் இல்லையென்றால்:
                மேப்.புட்இஃப்ஆப்சென்ட்(கீ, புதுரெஃப்) நல் தந்தால், புதியதைக் கொடு
            இருந்தால்:
                மேப்.ரிப்ளேஸ்(கீ, ரெஃப், புதுரெஃப்) வென்றால், புதியதைக் கொடு

தோற்றால் சுற்று மறுபடி ஓடும். 'உருவாக்கு' இரண்டு த்ரெட்டில் ஒரே நேரம் ஓடி ஒன்று வீணாகலாம்; அது செலவு மிக்க வேலை என்றால் கம்ப்யூட் மெத்தடுக்குள் எழுதுங்கள். ஆனால் அதற்குள்ளிருந்து அதே மேப்பைத் தொடக் கூடாது. அந்த வேலை நடக்கும்வரை மேப்பின் அந்தப் பகுதி பூட்டியிருக்கும்.

இங்கேயும் பழைய விதி உண்டு: கீ ஆப்ஜெக்ட் வேல்யூவைச் சுட்டக் கூடாது. வேல்யூவின் ஐடியை ஸ்ட்ரிங்காகவோ லாங்காகவோ வைத்தால் சிக்கல் இல்லை.

எறும்பு

கீ பத்திப் பேசும்போது ஒண்ணு சேர்த்துக்கணும். கீயே வீக்கா இருக்கிற மேப்ல ஈக்வாலிட்டி வச்ச கிளாஸ் போட்டா விநோதமா நடக்கும். அ, ஆ ரெண்டு ஆப்ஜெக்ட், ஈக்வல் ஆனா வேற வேற. அ-வை வச்சு 1 போடுறீங்க. ஆ-வை வச்சு 2 போடுறீங்க. வேல்யூ 2 ஆகும், ஆனா கீ இன்னும் அ தான். அ செத்ததும் என்ட்ரி போச்சு. ஆ உயிரோட கைல இருக்கு, அதோட வேல்யூ இல்ல. பைத்தான் ஆவணத்துலயே இந்த எச்சரிக்கை இருக்கு. ஜாவா வீக்ஹாஷ்மேப்பும் பழைய கீயை அப்படியே வச்சுக்கும், அதே விளைவுதான்.

ஸ்ட்ரிங் லிட்டரலைக் கீயா போட்டா தலைகீழ்: அது இன்டர்ன் ஆகி (ஒரே பிரதியா சேமிச்சு) இருக்கும், போகவே போகாது. ஜாவால −128ல இருந்து 127 வரை இன்டிஜர் பாக்ஸும் (எண்ணைச் சுத்தின ஆப்ஜெக்ட்) அப்படித்தான், கேஷ்ல இருந்து வரும். அதுக்கு வெளியே உள்ள எண் புது பாக்ஸ், அடுத்த ஜிசில போயிடும். டெஸ்ட்ல 5 போட்டுப் பார்த்து சரின்னு விட்டவங்களுக்கு ப்ரொடக்ஷன்ல ஐடி 50000 வரும்போது தெரியும்.

ஐடென்டிட்டிதான் வேணும்னா காஃபீன், குவாவாங்கிற ஜாவா லைப்ரரி ரெண்டுலயும் வீக்கீஸ் கொடுத்தா ஈக்வல்ஸை விட்டுட்டு == வச்சு ஒப்பிடும். பைத்தான்ல id() எண்ணை டிக்ட் கீயா போடுற குறுக்குவழி வேண்டாம். ஆப்ஜெக்ட் போனதும் அதே எண் இன்னொண்ணுக்குக் கிடைக்கும்.

வெண்பலகை

பூலுக்கு வீக்குக்குப் பதில் சாஃப்ட்ரெஃபரன்ஸ் போட்டால் கேஷாகவும் ஆகுமே? மெமரி தேவைப்படும்போது ஜேவிஎம்மே விடும்.

மின்மினி

விடும், ஆனால் எப்போது என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட்டின் சாஃப்ட்ரெஃப்எல்ஆர்யூபாலிசிஎம்எஸ்பெர்எம்பி என்ற அளவின் இயல்பு மதிப்பு 1000. ஹீப்பில் காலியாக உள்ள ஒவ்வொரு எம்பிக்கும் ஒரு செகண்ட். சர்வர் விஎம் காலியிடத்தை உச்ச ஹீப் அளவிலிருந்து கணக்கிடும். 4 ஜிபியில் 3 ஜிபி காலி என்றால் 3072 செகண்ட், அதாவது கடைசியாகத் தொட்டதிலிருந்து சுமார் 51 நிமிடம் தாண்டினால்தான் விடத் தகுதி பெறும். ட்ராஃபிக் ஏறும்போது ஹீப் நிரம்பும், காலியிடம் குறையும், தகுதி நேரம் சுருங்கும், கேஷ் மொத்தமாகக் காலியாகும், எல்லாக் கோரிக்கையும் டேட்டாபேஸுக்கு ஓடும். மிக மோசமான நேரத்தில் கேஷ் இல்லாமல் நிற்பீர்கள். அவுட்ஆஃப்மெமரி எறிவதற்கு முன் எல்லா சாஃப்ட்டும் துடைக்கப்படும் என்ற உறுதி மட்டும் உண்டு. அந்த நிலைக்குப் போக வேண்டுமா?

கேஷ் வேண்டுமென்றால் எண்ணிக்கைக்கோ பைட்டுக்கோ வரம்பு வைத்து எல்ஆர்யூ (நெடுநேரம் தொடாததை முதலில் நீக்கும் முறை) போடுங்கள். ஆண்ட்ராய்டு ஆவணமே சாஃப்ட்ரெஃபரன்ஸைக் கேஷுக்குத் தவிர்க்கச் சொல்கிறது.

வெண்பலகை

சரி. இன்னொன்று: ஆப்ஜெக்ட் போகும்போது நேட்டிவ் ஹேண்டிலை (ஜேவிஎம்முக்கு வெளியே உள்ள வளத்தின் எண்ணை) மூட இதே வீக்ரெஃபரன்ஸ், க்யூ போதுமா?

பனையோலை

ஜாவாவில் அதற்கு 9இல் வந்த க்ளீனர் இருக்கிறது, உள்ளே ஃபேன்டம் ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தராமல், அது போனதை மட்டும் சொல்வது). ஃபைனலைஸ் மெத்தட் 9இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 18இல் நீக்கப்பட இருப்பதாகவும் குறிக்கப்பட்டது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

க்ளீனரில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றே: மூடும் ஆக்ஷனை லாம்ப்டாவாக எழுதி அதற்குள் ஃபீல்டைத் தொடுவது. 'திஸ்' பிடிபடும், ஆப்ஜெக்ட் ஒருபோதும் சாகாது, ஆக்ஷன் ஒருபோதும் ஓடாது. ஹேண்டில் எண்ணை மட்டும் வைத்திருக்கும் ஒரு ஸ்டாட்டிக் உள் கிளாஸாக எழுதுங்கள். கோ மொழியில் 1.24இல் வந்த ஆட்க்ளீனப்புக்கும் அதே விதி. பாயிண்டரையே ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்தால் பேனிக் ஆகும், ஆனால் சுற்றுவழியில் கொடுத்தால் மௌனமாக லீக் ஆகும். ஜாவாஸ்கிரிப்ட் ஃபைனலைசேஷன்ரெஜிஸ்ட்ரியிலும் அப்படியே: டார்கெட்டையே ஹெல்ட் வேல்யூவாகக் கொடுத்தால் டைப்எரர், சுற்றுவழிக்கு ஒன்றும் சொல்லாது.

எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. ஆப்ஜெக்ட்டின் மெத்தட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 'திஸ்' இனிமேல் தேவையில்லை என்று ஜேஐடி (ஓடும்போதே மொழிபெயர்க்கும் கம்பைலர்) முடிவு செய்தால் ஜிசி அதை எடுக்கலாம். ஹேண்டில் எண்ணை லோக்கலில் எடுத்து நேட்டிவ் அழைப்புக்குள் இருக்கிறீர்கள், க்ளீனர் அதே ஹேண்டிலை மூடிவிடுகிறது. அதுவரை ஆப்ஜெக்ட்டை உயிரோடு வைக்க ஜாவாவில் ட்ரை/ஃபைனலியின் ஃபைனலியில் ரீச்சபிலிட்டிஃபென்ஸ்(திஸ்), டாட்நெட்டில் ஜிசி.கீப்அலைவ், கோவில் ரன்டைம்.கீப்அலைவ். டாட்நெட்டில் ஒரு வேடிக்கை: டீபக் பில்டில் லோக்கல் மாறி மெத்தட் முடியும்வரை உயிரோடு வைக்கப்படும், ரிலீஸ் பில்டில் கடைசிப் பயன்பாட்டோடு விடப்படும். டீபக்கில் வராத கிராஷ் ரிலீஸில் வரும்.

எப்படிப் பார்த்தாலும் இது பின்வாசல் காவல் மட்டும். ப்ரோசஸ் நிற்கும்போது ஆக்ஷன் ஓடும் என்று யாரும் உறுதி தருவதில்லை. க்ளோஸ் மெத்தட் கட்டாயம் இருக்க வேண்டும்.

எறும்பு

பைத்தான்ல வீக்ரெஃப் கால்பேக் எந்த த்ரெட்ல, எந்த வரில ஓடும்னு தெரியாது. ஒரு லாக்கைப் பிடிச்சு டிக்ட்ல எழுதிட்டு இருக்கும்போது ஜிசி ஓடி, அதே த்ரெட்ல கால்பேக் வந்து அதே லாக்கைக் கேட்டா டெட்லாக். கால்பேக்ல லாக் எடுக்காதீங்க. க்யூ.சிம்பிள்க்யூ (3.7) இருக்கு, அதோட புட் இந்த மாதிரி இடத்துல மறுநுழைவு வந்தாலும் பாதுகாப்பு. அதுல போட்டுட்டு, சாதாரண கோட்ல எடுத்துத் துடைங்க.

அடுக்குமாடி

கடைசியாக டெஸ்ட். இந்த மூன்றையும் எப்படி டெஸ்ட்டில் பிடிப்பது? சிஸ்டம்.ஜிசி நம்பலாமா?

நடுநிசி_பைட்

அது கோரிக்கை மட்டும். டிஸேபிள்எக்ஸ்ப்ளிசிட்ஜிசி கொடி போட்டிருந்தால் ஒன்றுமே நடக்காது, டெஸ்ட் ஓடும் ஜேவிஎம்மில் அது இல்லை என்று பாருங்கள். ஆப்ஜெக்ட்டைத் தனி மெத்தடுக்குள் உருவாக்கி வீக்ரெஃபரன்ஸை மட்டும் வெளியே கொடுங்கள். டெஸ்ட் மெத்தடின் லோக்கல் மாறியில் எதுவும் தங்கக் கூடாது. பிறகு சுற்றில் சிஸ்டம்.ஜிசி, 50 மில்லிசெகண்ட் தூக்கம், ரெஃபரன்ஸ் காலியாகிவிட்டதா என்ற சோதனை. மொத்தம் 10 செகண்ட் தாண்டினால் ஃபெயில். லிசனருக்கு நேரெதிர் டெஸ்ட்: உரிமையாளரைக் கையில் வைத்தபடி, சாக வேண்டிய ஒரு சாட்சி ஆப்ஜெக்ட் செத்துவிட்டதா என்று பார்த்து (அப்போதுதான் ஜிசி உண்மையில் ஓடியது என்று தெரியும்), அதன்பின் ஈவென்ட் அனுப்பி வருகிறதா பாருங்கள். கடைசியில் உரிமையாளர் மீது ரீச்சபிலிட்டிஃபென்ஸ் போடுங்கள். இல்லாவிட்டால் டெஸ்ட்டே பொய் சொல்லும்.

பனையோலை

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு: நோடை எக்ஸ்போஸ்-ஜிசி கொடியோடு ஓட்டினால் ஜிசி() கிடைக்கும். ஆனால் வீக்ரெஃப் உருவாக்கிய அல்லது டீரெஃப் கூப்பிட்ட அதே ஜாபில் அந்த டார்கெட் சாகாது, தரமே அப்படி. ப்ராமிஸ் மீது அவெய்ட் போட்டு நகர்ந்தால் போதாது. செட்டைம்அவுட் வழியாக ஒரு சுற்று வெளியே வந்துவிட்டு ஜிசி() கூப்பிடுங்கள். 'டீரெஃப் அண்டிஃபைன்ட் ஆகும்வரை வைல்' என்று எழுதினால் அது முடிவில்லாச் சுற்று.

அடுக்குமாடி

பூலை எழுதி ஓட்டியாயிற்று, டெஸ்ட் பாஸ். ஒரு சந்தேகம் மட்டும்: 5 செகண்டுக்கு ஒருமுறை பூலைச் சுற்றி, ஒவ்வொரு ரெஃப்பிலும் கெட் கூப்பிட்டு, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று மெட்ரிக் அனுப்புகிறோம். அதைச் சேர்த்ததும் எண்ணிக்கை இறங்கும் வேகம் குறைந்துவிட்டது.

கல்தூண்

மெட்ரிக்தான் பிடித்து வைக்கிறது. ஜி1 பழைய தலைமுறையைக் கன்கரண்டாக மார்க் செய்யும் நேரத்தில் கெட் கூப்பிட்டால், கிடைத்த ஆப்ஜெக்ட்டை அந்தச் சுழற்சிக்கு உயிருள்ளதாகக் குறித்தாக வேண்டும். நீங்கள் அதை எங்காவது வைத்துக்கொள்ளப்போகிறீர்களா என்று அதற்குத் தெரியாது. 5 செகண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தொட்டால், பெரும்பாலான மார்க்கிங் சுழற்சிகளில் எல்லாமே பிழைத்துக்கொள்ளும். ஜாவா 16இல் இதற்காகவே ரெஃபர்ஸ்டூ வந்தது. 'ரெஃப்.ரெஃபர்ஸ்டூ(நல்)' ட்ரூ என்றால் செத்தது. ஆப்ஜெக்ட்டை வெளியே எடுக்காமலே சொல்லும். நீங்கள் 17இல் இருக்கிறீர்கள், மாற்றிவிடலாம். டெஸ்ட்டின் காத்திருக்கும் சுற்றிலும் கெட் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.